ஆளே இல்லாத ஊருக்குப் போய் வந்தேன்

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். பிழைப்பு சென்னையில். இந்த இரண்டும் போக மிச்சமுள்ள உலகம் முழுவதும் எனக்கு வெளிநாடுதான். அதனால், ஓசூர்ப் பக்கம் போய் வாருங்கள் என்று அலுவலகத்தில் சொன்னபோது, பாஸ்போர்ட் வேண்டுமா என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு விஷயத்துக்குச் சிரிக்க வேண்டுமென்றால் அதற்கு அடிக்குறிப்பு இருக்க வேண்டும்.

நாங்கள் போடுவது ஆராய்ச்சிக்காரர்கள் புரட்டிப் பார்க்கும் நோக்கு நூல்கள். உடல்நலம் ஒரு தொகுதி, வரலாறு ஒரு தொகுதி, சுற்றுச்சூழல் ஒரு தொகுதி. மூன்றும் தலையணை கனம். யாரும் முதலிலிருந்து கடைசிவரை படிக்க மாட்டார்கள். ஆனால் வாக்குவாதம் என்று வந்துவிட்டால் எல்லோரும் இவற்றைத்தான் தூக்கிக் காட்டுவார்கள். இவற்றில் தகவல் சரிபார்ப்பது என் வேலை. காலில் ஈரம் படாமல் எத்தனையோ ஆறுகளைத் திருத்தியிருக்கிறேன். கொசுக்கடி இல்லாமல் காடுகளைத் திருத்தியிருக்கிறேன். இதை ஒரு பெருமையாகவே இதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு.

"புத்தகம் போடுறவங்களா? நான் நேரளதொட்டியில இருந்து மஞ்சுளா பேசுறேங்க. தேன்கனிக்கோட்டை பக்கம். எங்க ஊர்ல ஆளே இல்லைன்னு போட்டிருக்கீங்களாமே?"

நான் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாம், இல்லை என்றுதான் இருக்கிறது" என்றேன். யாரிடம் சொல்கிறோம் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

மஞ்சுளா கோபப்படவில்லை. விஷயத்தைச் சொன்னார். ஊருக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை. அங்கே கல்குவாரி போட யாரோ விண்ணப்பித்திருக்கிறார்கள். அதற்காகத் தயாரித்த அறிக்கையில், பாறையைச் சுற்றிக் குடியிருப்பே இல்லை என்று எழுதி, எங்கள் புத்தகத்தைச் சான்று காட்டியிருக்கிறார்கள். "வெடி வச்சா எங்க வீட்டுச் சுவரு தாங்காதுங்க. பாறைக்கு அடியில இருக்குற சுனைத் தண்ணியத்தான் ஊரே குடிக்குது. எம் பொண்ணுக்கு ஏற்கனவே வீசிங்கு, குவாரித் தூசி வந்தா இன்னும் மோசமாயிரும். செவ்வாக்கிழமை ஆபீசருங்க பாறையப் பாக்க வராங்க. நீங்க வந்து, நாங்க இருக்குறோம்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

ஓட்டு, ரேஷன் எல்லாம் இருக்குமே என்று கேட்டேன். எல்லாம் இருக்கிறதாம், பக்கத்துப் பெரிய ஊரின் பெயரில். தொட்டி என்பது சின்னக் குடியிருப்பு. அதற்கென்று தனியாக ஒரு காகிதமும் கிடையாதாம்.

எங்கள் மூன்று தொகுதிகளையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். பிளேக் நோய் வந்து நேரளதொட்டி மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள் என்றது உடல்நலத் தொகுதி. ஆதாரம், வரலாற்றுத் தொகுதி. 'இன்று பாழூர்' என்றது வரலாற்றுத் தொகுதி. ஆதாரம், சூழல் தொகுதி. 'மனித நடமாட்டமற்ற பாறைப் பகுதி' என்றது சூழல் தொகுதி. ஆதாரம், உடல்நலத் தொகுதி. மூன்றும் ஒன்றுக்கொன்று ஜாமீன் கொடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தன.

புதிய பதிப்பு அச்சுக்குப் போக இருந்த நேரம். எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர் ஓய்வுபெற்ற பேராசிரியர். நல்ல மனிதர். ஆனால் சாலையைக் கடக்கும்போதுகூட வண்டி வருகிறது என்பதற்கு இரண்டு சான்று கேட்பார். "நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். ஊர் இருந்தால் திருத்துவோம், இல்லாவிட்டால் இருக்கிறபடியே போகட்டும்" என்றார். ஊர் இருந்தால்! மஞ்சுளா என்னிடம் பேசியதை மறுபடியும் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஓசூரில் இறங்கினேன். மூன்று தொகுதிகளும் ஒரு துணிப்பையில் என்னோடு இறங்கின. வந்த வேகத்தில் தோள்பட்டை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ஆவணி மாதத்தில் இப்படிக் குளிரும் என்று எந்தத் தொகுதியிலும் இல்லை. இருந்திருக்கலாம், நான் கவனித்திருக்க மாட்டேன்.

தங்கிய இடத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் தோசை சாப்பிட்டேன். சாம்பாரில் வெல்லம். எங்கள் ஊரில் சாம்பாரில் வெல்லம் போட்டால் சம்பந்தம் முறிந்துவிடும். பரிமாறியவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பெங்களூர்க்காரங்க நெறைய வராங்க மேடம், அவங்களுக்கு இனிப்பு வேணும்" என்றார். பக்கத்து மேசையில் இருந்த பெங்களூர்க்காரர் கன்னடத்தில் தன் மனைவியிடம், "இந்தத் தமிழர்கள் சாம்பாரில் எவ்வளவு காரம் போடுகிறார்கள் பார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கன்னடம் அரைகுறைதான். ஆனால் குறை சொல்வது எந்த மொழியிலும் எனக்குப் புரிந்துவிடும்.

திங்கட்கிழமை காலை பேருந்து ஏறுவதில் ஒரு சின்னக் குழப்பம். பளபளவென்று வெள்ளை வண்டி ஒன்று வந்து நின்றது. ஏறி, வசதியான இருக்கையில், புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுற்றிலும் நீலச் சட்டை போட்ட பெண்பிள்ளைகள். எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை. ஓசூரில் எவ்வளவு ஒழுங்கு என்று வியந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த பெண் மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, இது கம்பெனி பஸ்லா. நீங்க எங்க போணும்?"

அந்த 'லா'வைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்காத குறை. "நீ எந்த ஊரு மக்ளே?" என்றேன். வள்ளியூர். பத்து நிமிடம் ஊர்க்கதை பேசினோம். அதற்குள் வண்டி ஊருக்கு வெளியே, ஒரு தொழிற்சாலை வாசல்வரை வந்துவிட்டது. காவலாளி என் கழுத்தில் அட்டையைத் தேடினார். பையைத் திறந்து காட்டச் சொன்னார். வரலாற்றுத் தொகுதியைக் கையில் எடுத்து எடைபார்த்துவிட்டு, "இதை உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை" என்று இந்தியில் சொன்னார். எனக்கும் உள்ளே போகும் உத்தேசம் இல்லை என்பதை அவருக்குப் புரியவைக்க வள்ளியூர்ப் பெண் உதவினாள். ஷேர் ஆட்டோவில், எட்டுப் பேருக்கு நடுவில், வந்த வழியே திரும்பினேன்.

தேன்கனிக்கோட்டைப் பேருந்து எங்கள் அலுவலகம் மாதிரி இல்லை. எல்லோரும் எல்லோரிடமும் பேசினார்கள். நடத்துநர் டிக்கெட்டைத் தமிழில் கொடுத்தார், சில்லறையைத் தெலுங்கில் கேட்டார், திட்டுவதைக் கன்னடத்தில் வைத்துக்கொண்டார். எனக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி, காலடியில் பீன்ஸ் மூட்டை. என் மடியைப் பார்த்து, "வக்கீலுங்களா?" என்றார். இல்லை, சுற்றுச்சூழல் புத்தகம் என்றேன். யானையைப் பற்றி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று பக்கம் எடுத்துக் காட்டினேன். எந்தெந்த மாதத்தில் யானைகள் காட்டைவிட்டு வயலுக்கு வரும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அவர் விரல் வைத்துக் கவனமாகப் படித்து முடித்தார்.

"நல்லா எழுதியிருக்குது. இதை யானைக்குப் படிச்சுக் காட்டினீங்களா?"

அடுத்த வளைவில் பேருந்து நின்றுவிட்டது. முன்னால் நான்கைந்து லாரிகள். சாலையோரத் தோப்பில் யானை நிற்பதாகச் சொன்னார்கள். நான் எட்டி எட்டிப் பார்த்தும் தெரிந்தது ஒரு லாரியின் பின்புறம்தான். எங்கள் தொகுதியின்படி அது யானை வரும் மாதமே அல்ல. விவசாயி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு புத்தகத்தை ஒருமுறை பார்த்தார்.

மஞ்சுளா பேருந்து நிலையத்துக்கு ஸ்கூட்டி எடுத்து வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். ஒல்லி. பேசும்போதே சிரிப்பும் சேர்ந்து வரும். கணவர் ஓசூரில் கம்பெனி வேலை, இவர் ஊரில் தக்காளியும் கேழ்வரகும் போடுகிறார். புத்தகங்களைக் காலடியில் வைத்து, என்னைப் பின்னால் ஏற்றி, "கெட்டியா புடிச்சுக்கங்க அக்கா, உங்க புத்தகத்துல இல்லாத ரோட்டுல போறோம்" என்றார்.

ஊர் இருந்தது. பேராசிரியருக்காக இதைத் தனி வாக்கியமாக எழுதுகிறேன். தெருக்கள் இருந்தன, பசுக்கள் இருந்தன, தண்ணீர்க் குடங்களோடு பெண்கள் இருந்தார்கள். சுவரில் வரட்டி தட்டியிருந்தது. ஒரு வீட்டில் தொலைக்காட்சித் தொடரில் யாரோ யாரையோ விஷம் வைத்துக் கொல்லப் பார்த்தார்கள். ஆளில்லாத ஊரைப் பற்றி எழுதியவர் வந்திருக்கிறார் என்று செய்தி பரவி, என்னைப் பார்க்க ஒரு கூட்டமே கூடிவிட்டது. ஒரு அம்மாள் என் கையைத் தொட்டுப் பார்த்து, கன்னடத்தில் ஏதோ கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மஞ்சுளா மொழிபெயர்த்தார்: "இவங்க இருக்காங்களா, இல்ல இவங்களும் புத்தகத்துல மட்டும்தானான்னு கேக்குது."

மத்தியானம் கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். களியை மெல்லக் கூடாது, உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்றார்கள். நான் மென்றேன். களி பல்லைப் பிடித்துக்கொண்டது. மஞ்சுளாவின் மாமனார் மாரப்பா, ஊர்ப் பூசாரி, வாய்க்குள் சிரித்தபடி தண்ணீரை என் பக்கம் தள்ளிவைத்தார். மஞ்சுளாவின் மகள் கீர்த்தனா, எட்டாவது படிக்கிறவள், இன்ஹேலரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நான் விழுங்குகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். குவாரித் தூசி என்று மஞ்சுளா போனில் சொன்னது எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

சாயங்காலம் ஊர் ஒரு மாதிரி பரபரப்பாக இருந்தது. கோழிகளைப் பிடித்துக் கூடையில் அடைத்தார்கள். பாத்திரங்களை மூட்டை கட்டினார்கள். ஒருவர் தமுக்கு அடித்துக்கொண்டு போனார். என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"நாளைக்கு ஊரக் காலி பண்றோம் அக்கா" என்றார் மஞ்சுளா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகு விளக்கினார். அந்தக் காலத்தில் பிளேக் வந்தபோது ஊர் மொத்தமும் வீடுகளை விட்டுப் பாறைக்குப் போய்த் தங்கிப் பிழைத்ததாம். அதன் நினைவாக, பாறையில் இருக்கும் பிளேக்கம்மாவுக்கு வருடத்தில் ஒரு நாள். விடிவதற்குள் மனுஷர், மாடு, கோழி என்று ஒரு உயிர் பாக்கியில்லாமல் ஊரைவிட்டு வெளியேறிவிட வேண்டும். அடுப்பில் நெருப்பு இருக்கக் கூடாது. ஊர் வாசலில் முள் போட்டு அடைத்துவிடுவார்கள். பொழுது சாய்ந்து, அம்மனின் தீர்த்தம் தெளித்த பிறகுதான் திரும்ப நுழையலாம். அதுவரை யாரும் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது.

எங்கள் தொகுதிகள் எப்படிப் பிறந்தன என்பது அந்த நிமிடம் எனக்குப் புரிந்துவிட்டது. எந்தக் காலத்திலோ ஒரு அறிஞர், இந்த ஒரு நாளாகப் பார்த்து வந்திருக்கிறார். பூட்டிய வீடுகள், வாசலில் முள், ஒரு காக்கா குருவி இல்லை. குறித்துக்கொண்டு போய்விட்டார். இதை மாரப்பாவிடம் சொன்னேன். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"பாவம், சாப்பிடாமப் போயிட்டாரா? பாறைக்கு வந்திருந்தா கறிச்சோறு போட்டிருப்பமே."

எனக்கோ வேறு கவலை. நாளை செவ்வாய்க்கிழமை. அதிகாரிகள் வரும் நாள். ஊர் இருக்கிறது என்று காட்ட வேண்டிய அதே நாளில் ஊரைக் காலி செய்கிறார்களே! ஒரு வாரம் தள்ளிப்போடக் கூடாதா என்று கெஞ்சினேன். "தேதிய மாத்த முடியாதுங்க, அம்மா உத்தரவு ஆயிருச்சு" என்றார் மாரப்பா. சுற்றி நின்றவர்கள் கன்னடத்தில் என்னவோ பேசிச் சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க அக்கா" என்றார் மஞ்சுளா. இந்த ஜனங்களின் பக்தி இவர்கள் வீட்டையே இடித்துவிடப் போகிறது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தோடேயே படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன்பே ஊர் கிளம்பிவிட்டது. மாடுகள், ஆடுகள், நாய்கள், தலையில் அண்டா, இடுப்பில் பிள்ளை. மிக்ஸியைக்கூட ஒருவர் தூக்கி வந்தார், பாறையில் மின்சாரம் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். விட்டுவிட்டு வர மனசில்லையாம், வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. எல்லோரும் சேர்ந்து துரத்தியும் ஒரு பூனை மட்டும் அகப்படவில்லை. கூரை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ஊரையே வேடிக்கை பார்த்தது. மாரப்பா அதற்காக அம்மனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

ஊருக்குப் பின்புறச் சரிவில் ஏறினால் பாறை. மேலே அகலமாக, ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவுக்கு இருந்தது. ஒரு புங்கமரம், அதனடியில் குங்குமம் பூசிய கல், அதுதான் பிளேக்கம்மா. பாறையிலிருந்து பார்த்தால் ஊர் தெரியவில்லை, புளியந்தோப்பு மறைத்துக்கொண்டது. மறுபக்கத்திலிருந்து ஒரு ஜீப் பாதை மேலேவரை வந்தது. போன தடவை அறிக்கை எழுத வந்தவர்கள் அந்தப் பாதையில் வந்து, படம் எடுத்துக்கொண்டு, அப்படியே இறங்கிப் போய்விட்டதாக மஞ்சுளா சொன்னார். இதையாவது நான் யோசித்திருக்க வேண்டும். பசி மயக்கத்தில் விட்டுவிட்டேன்.

ஆடுகள் வெட்டி, அண்டாக்கள் கொதிக்க ஆரம்பித்த நேரத்துக்கு ஜீப் வந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து வந்த அதிகாரி ஒரு பெண்மணி. கூடவே அறிக்கை தயாரித்தவர், இஸ்திரி கலையாத சட்டையும் கையில் கோப்புமாக. வெறும் பாறையைப் பார்க்க வந்தவர்கள் எதிரில் அண்டாக்களும், மாடுகளும், நூற்றுக்கணக்கில் ஜனங்களும். அறிக்கைக்காரர் தப்பான பாறைக்கு வந்துவிட்டோமோ என்று போனில் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவங்கெல்லாம் யாரு?" என்றார் அதிகாரி.

"நேரளதொட்டி ஜனங்க மேடம். அம்மனுக்குப் பண்டிகை" என்றார் மஞ்சுளா.

"அந்த ஊர்ல ஆள் இல்லை மேடம். பக்கத்து ஊர்லருந்து கூட்டிட்டு வந்திருப்பாங்க. ஒரு நிமிஷம், நான் நேர்லயே காட்டுறேன்" என்று அறிக்கைக்காரர் சரிவில் இறங்கி நடந்தார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரத்தில் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பினார். முகம் மலர்ந்திருந்தது. செல்போனில் படங்கள்: வாசலில் முள், பூட்டிய கதவுகள், வெறிச்சோடிய தெரு. "ஒரு கோழிக்குஞ்சு கூட இல்லை மேடம். புத்தகத்துல போட்டிருக்கிறது அப்படியே சரி" என்று கோப்பிலிருந்து எங்கள் தொகுதிகளின் நகல்களை நீட்டினார்.

அதிகாரி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஒரு படத்தில் விரலால் பெரிதாக்கினார்.

"இது என்ன, கூரை மேல?"

"பூனை மேடம்."

"ஆளில்லாத ஊர்ல பூனை இவ்வளவு குண்டா இருக்குமா?"

அறிக்கைக்காரர் பூனையைப் பற்றி அறிக்கையில் எதுவும் எழுதவில்லை போலும். கோப்பைப் புரட்டினார். அப்போதுதான் மஞ்சுளா என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். "இவங்கதான் மேடம் அந்தப் புத்தகம் போடுறவங்க. மெட்ராசுல இருந்து வந்திருக்காங்க."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அதிகாரி கேட்டார்: "நீங்க சொல்லுங்க. புத்தகம் சரியா, இவங்க சரியா?"

சுலபமான கேள்விதான். ஆனால் எங்கள் புத்தகத்தைப் பற்றி வெளியாள் ஒருவரிடம், 'தவறு' என்ற சொல்லை நாங்கள் யாரும் சொன்னது கிடையாது. 'மறுபார்வைக்குரியது' என்போம், 'கருத்து வேறுபாடு உண்டு' என்போம். வாயில் அதுதான் முதலில் வந்தது. கீர்த்தனா கூட்டத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நேற்றுக் களியை விழுங்குகிறேனா என்று பார்த்த மாதிரியே.

"புத்தகம் தப்பு மேடம்" என்றேன். "மூணு தொகுதியும் தப்பு. எழுதினவரும் இந்தச் சார் மாதிரி இதே பண்டிகை நாள்ல வந்து பார்த்திருக்கார். நான் நேத்து அந்த ஊர்ல சாப்பிட்டுப் படுத்துத் தூங்கியிருக்கேன். நேத்து அங்க எல்லாரும் இருந்தாங்க."

சொல்லி முடித்ததும் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வானம் இடிந்து விழவில்லை. அறிக்கைக்காரர்தான், "இதெல்லாம் வாய் வார்த்தை மேடம், படம்தான் ஆதாரம்" என்றார். எங்கள் பேராசிரியருக்கு மருமகனாக வர எல்லாத் தகுதியும் உள்ளவர்.

அதிகாரி யோசித்தார். "எத்தனை மணிக்குத் திரும்ப ஊருக்குள்ள போவீங்க?" என்று மாரப்பாவிடம் கேட்டார்.

"பொழுது எறங்கணுங்க."

"சரி, நான் இருக்கேன். போகும்போது கூட வரேன். அதுவரைக்கும் சுனை எங்க இருக்குன்னு காட்டுங்க."

அன்று முழுவதும் அவர் பாறையில் இருந்தார். சுனையைப் பார்த்தார். பெண்களோடு உட்கார்ந்து பூண்டு உரித்தார். தெலுங்கில் ஒரு கிழவரோடு மாங்காய் விலையைப் பற்றிச் சண்டை போட்டார். அவர் வீட்டிலும் தோப்பு உண்டாம். மத்தியானம் இலை போட்டபோது முதலில் வேண்டாம் என்றார், வாசனை வந்ததும் உட்கார்ந்துவிட்டார். அறிக்கைக்காரர் ஜீப்பிலேயே இருந்தார். கடைசியில் ஒரு அம்மாள் தட்டோடு போய், "ஆளில்லாத ஊரு சோறு, சாப்பிட்டாலும் கணக்குல வராது, சாப்பிடுங்க" என்றார். அவர் இரண்டாவது முறை கறி கேட்டு வாங்கிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். நான் இந்தத் தடவை களியை மெல்லவில்லை.

பொழுது சாய்ந்தது. மாரப்பா தீர்த்தச் செம்போடு முன்னே நடக்க, மொத்த ஊரும் சரிவில் இறங்கியது. வாசல் முள்ளை விலக்கினார்கள். தெருவில் தீர்த்தம் தெளித்தார்கள். பிறகு ஒவ்வொரு வீடாகப் பூட்டுத் திறந்தது, ஒவ்வொரு வீடாக விளக்கு எரிந்தது. மாடுகள் யாரும் ஓட்டாமலேயே தத்தம் கொட்டிலுக்குப் போய்விட்டன. எங்கோ தொலைக்காட்சியைப் போட்டார்கள். இத்தனை வருடமாக இந்த விளக்குகளை நாங்கள் எங்கள் புத்தகத்தில் அணைத்து வைத்திருந்தோம் என்று நினைத்து, மறைவாகப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அதிகாரி தெருவின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்து, வீடு வீடாக எட்டிப் பார்த்தார். அறிக்கைக்காரரிடமே பேனாவை வாங்கி, குடியிருப்பு இருக்கிறது, சுனை இருக்கிறது, இந்த அறிக்கையை ஏற்பதற்கில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். சத்தமாகப் படித்தும் காட்டினார். யாரும் கை தட்டவில்லை. மஞ்சுளா மகளை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, கொஞ்ச நேரம் விடவே இல்லை.

ஜீப் போன பிறகு பேராசிரியருக்குப் போன் செய்தேன். ஊர் இருக்கிறது என்றேன். மூன்று தொகுதிகளிலும் திருத்தம் என்றேன். அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் இருபது பக்கச் சான்றுக்குச் சமமான குரலில், "ஐயா, நான் சொல்கிறேன்" என்றேன். பிறகு, "சரி, திருத்திவிடலாம்" என்றார். எனக்கு இப்படி ஒரு குரல் இருப்பது இருவருக்குமே புதிதாக இருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு மஞ்சுளா மீதிக் கறியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து புதிய குறிப்பை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். ஆண்டுதோறும் இந்தப் பண்டிகை எந்த மாதத்தில் வரும் என்று கேட்டேன். துல்லியமாக இருக்க வேண்டுமே.

"மாசியில அக்கா."

"இது ஆவணி."

மஞ்சுளா கரண்டியைக் கீழே வைத்தார். மாரப்பா கூரையைப் பார்த்தார்.

"ஆபீசருங்க பாறையப் பாத்துட்டு அப்படியே போயிருவாங்க, ஊருக்குள்ள வர மாட்டாங்க. வெறும்ன போயி பாறையில ஜனம் நின்னா, கூட்டம் போடுறாங்கன்னு கலைச்சு விட்டுருவாங்க" என்றார் மஞ்சுளா. "பண்டிகைன்னா யாரு கேப்பாங்க? ஆபீசரு வர்ற தேதி தெரிஞ்சதும், இந்த வருசம் ரெண்டாவது வாட்டி வரலாமான்னு அம்மாகிட்ட பூப் போட்டுக் கேட்டோம். கல்லு மேல பூ வைக்கணும். வலது பக்கம் விழுந்தா சம்மதம்."

"வலது பக்கம் விழுந்ததா?"

"இடது பக்கம்."

"அப்படியென்றால் அம்மன் சம்மதிக்கவில்லையே!"

"அப்படி இல்லீங்க, அம்மாவுக்குச் சரியாப் புரியல" என்றார் மாரப்பா. "ரெண்டாவது தடவ குவாரி வெவரமெல்லாம் சொல்லி, வெளக்கமாக் கேட்டோம். அதுவும் இடது பக்கந்தான். மூணாவது தடவ வலது பக்கம் விழுந்துச்சு."

"மூன்றாவது தடவையும் இடது பக்கமே விழுந்திருந்தால்?"

மஞ்சுளா கறியை என் தட்டில் தள்ளிக்கொண்டே சொன்னார்: "அதுக்குத்தான் அக்கா, ஓசூருக்குப் போயி ஒரு கூடை நெறையப் பூ வாங்கி வச்சிருந்தோம்."